மாத்திரை மனைவிக்கு மட்டும் போதுமா?

"டாக்டர் கொடுத்த மாத்திரையில் சரியாகிவிட்டது. இரண்டே மாதத்தில் மறுபடியும் அதே எரிச்சல், அதே வெள்ளைப்படுதல். 'அடுத்த முறை கணவரையும் கூட்டிட்டு வாங்க' என்கிறார் டாக்டர். அவரிடம் எப்படிச் சொல்வது?"

இந்த வாரம் ஒரு வாசகி கேட்டிருக்கும் கேள்வி இது.

முதலில் ஒன்று... வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினைத் தொற்று அல்ல. பூஞ்சைத் தொற்று யாருக்கும் வரலாம். எனவே, சந்தேகப்படும் முன் பரிசோதனை முக்கியம்.

அதில் ட்ரைக்கோமோனியாசிஸ், கிளமிடியா, கொனோரியா போன்றவை உறுதியானால், ஒருவர் மட்டும் மாத்திரை சாப்பிட்டுப் பலனில்லை. ட்ரைக்கோமோனியாசிஸ் தொற்றிய ஆண்கள் பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. "எனக்கு ஒண்ணுமில்லையே" என்று கணவர் சொல்வது உண்மையாகவே அவருக்குத் தெரியாததாலும் இருக்கலாம். ஆனால், குணமான மனைவிக்கு அவரிடமிருந்து தொற்று மீண்டும் வரும். சில தொற்றுகள் நீண்ட நாள் வெளியே தெரியாமல் இருக்கும் என்பதால், யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று பரிசோதனை முடிவை வைத்துச் சொல்லிவிட முடியாது.

அலட்சியம் வேண்டாம். கவனிக்காமல் விட்ட கிளமிடியா கருக்குழாயைப் பாதித்து, குழந்தையின்மை வரை கொண்டுபோகலாம்.

தம்பதி செய்ய வேண்டியவை:

* இருவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுங்கள். அது முடிந்து 7 நாள்கள் வரையாவது, அறிகுறிகள் மறையும்வரை உறவைத் தவிருங்கள்.

* ஆணுறை பயன்படுத்துங்கள். கூடவே தேங்காய் எண்ணெய் வேண்டாம்; லேடெக்ஸ் ஆணுறை கிழிந்துவிடும்.

* காப்பர் டி, கருத்தடை மாத்திரை கர்ப்பத்தைத்தான் தடுக்கும், தொற்றை அல்ல.

* ஹெபடைட்டிஸ் பி, ஹெச்.பி.வி தடுப்பூசிகள் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஹெச்.ஐ.வி பரிசோதனையை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். உங்கள் சம்மதமும் ரகசியக் காப்பும் 2017-ம் ஆண்டு சட்டப்படி கட்டாயம். சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

சரி, கணவரிடம் எப்படிச் சொல்வது? "உங்களால வந்துச்சா?" என்று ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். "எனக்கு இருக்கிற தொற்று உங்களுக்கும் இருக்கலாமாம். ரெண்டு பேரும் மருந்து எடுத்தாத்தான் சரியாகுமாம். சனிக்கிழமை போயிட்டு வந்துடலாமா?" என்று சொல்லிப் பாருங்கள்.

சொன்னால் அடிப்பார் என்ற பயம் இருந்தால், முதலில் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181-ம் இருக்கிறது. உங்கள் பாதுகாப்புதான் முதலில், மற்றதெல்லாம் பிறகு.