வாட்ஸ்-அப் குரூப் கவுன்சிலர் ஆகுமா?

புதுவை: குப்பை வண்டி வரலையா, தெருவிளக்கு எரியலையா, குழாயில் தண்ணி கலங்கலா வருதா? புதுவையில் பல நகர்களில் இதெல்லாம் முதலில் போய் சேருவது அக்கம்பக்கத்தினர் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்-அப் குரூப்புக்குத்தான். போட்டோவும் கூடவே வந்து விடுகிறது.

முறைப்படி பார்த்தால் இந்த புகார் எல்லாம் வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலுக்கு போக வேண்டியவை. ஆனால் புதுவை கதையே வேறு.

1968-க்கு பிறகு 38 ஆண்டு கழித்து 2006-ல்தான் இங்கு உள்ளாட்சி தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன்பிறகு பத்தாண்டுக்கும் மேலாக தேர்தல் இல்லை. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. 2021-ல் தேர்தல் தேதியும் அறிவித்தார்கள். வார்டு இட ஒதுக்கீடு பிரச்சினை கோர்ட்டுக்கு போக, அதுவும் நின்று போனது. 2014 மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டிடம்கூட 2021-ல் புதுசாக திறக்கப்பட்டது. கவுன்சிலர்கள்தான் வரவில்லை.

அந்த காலி இடத்தில்தான் குரூப் வந்து உட்கார்ந்தது.

புயல் பாடம்

2024 நவம்பர் 30-ந்தேதி இரவு பெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தது. 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, ராணுவம் வந்து மக்களை மீட்டது. இப்படிப்பட்ட இரவில் எந்த தெருவில் எவ்வளவு தண்ணி என்று சொல்ல குரூப்பை விட்டால் ஆளில்லை. ஆனால் கரண்ட் போய் செல்போன் சார்ஜ் இறங்கினால் குரூப்பும் சேர்ந்து அணைந்து விடும்.

வதந்தி இன்னொரு ஆபத்து. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், சாமி கும்பிட வந்த சென்னை மூதாட்டியை பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து ஊரே கூடி அடித்துக் கொன்றது. இதுபோன்ற கொலைகளுக்கு பிறகே, அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்-அப் நிறுவனம் கட்டுப்பாடு போட்டது.

அட்மினுக்கு யாரும் ஓட்டு போடுவதில்லை. அவரிடம் நிதியும் இல்லை, அதிகாரியை கூப்பிட்டு கேட்கும் அதிகாரமும் இல்லை. ஸ்மார்ட் போன் இல்லாத பாட்டியும், நேற்று குடிவந்த வாடகைக்காரரும் அந்த குரூப்பிலேயே இருக்க மாட்டார்கள்.

குரூப்பில் போட்ட போட்டோவை தேதியோடு மனுவாக எழுதி, தெருக்காரர்கள் கையெழுத்து போட்டு நகராட்சியில் கொடுத்தால்தான் அது புகார். இல்லாவிட்டால் வெறும் புலம்பல். தெருவுக்கு ஒரு குரூப் இருக்கட்டும். வார்டுக்கு ஒரு கவுன்சிலரும் வேண்டும் என்பதே நியாயம்.