கற்பனை என்று தள்ளப்பட்ட ஆறு

அறிவியல் புனைவையும் மிகுபுனைவையும் பற்றித் தமிழ் வாசகரிடையேயும் திரைப்பார்வையாளரிடையேயும் ஊறிப்போன கருத்து ஒன்று உண்டு. அவை மேல்நாட்டிலிருந்து வந்திறங்கிய சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாதவை, பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டத் தகுமே ஒழிய வாழ்க்கையைப் பேசத் தகாதவை என்பதே அது. ‘அம்புலிமாமா கதை’, ‘காதில் பூச்சுற்றுகிற வேலை’ என்னும் இரண்டு தொடர்களுக்குள் ஒரு முழு இலக்கிய வகையையே அடைத்து ஒதுக்கிவிடும் இவ்வழக்கம் டீக்கடை பெஞ்சிலிருந்து இலக்கியக் கூட்ட மேடை வரைக்கும் ஒன்றுபோலவே நிலவுகிறது. இக்கருத்து பிழையானது; பிழை என்பதோடு நில்லாமல், நம்பியவர்களுக்குத் தீங்கும் செய்வது. இதை நிறுவ நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. வடுகபட்டியும் அதைச் சூழ்ந்த தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியுமே போதிய சான்று தரும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நலம். இயற்கை விதிகளுக்கு உட்பட்டு நடக்கக்கூடிய, ஆனால் இன்னும் நடந்திராத மாற்றம் ஒன்றை உலகில் நுழைத்து, அதனால் மனித வாழ்வு என்னவாகும் என்று படிப்படியாக எண்ணிப் பார்க்கும் கதையே அறிவியல் புனைவு. இயற்கை விதிகளையே மாற்றிவைத்து, மாற்றிய விதிகளுக்குத் தானும் கட்டுப்பட்டு நடக்கும் கதை மிகுபுனைவு. ‘இப்படி ஆனால் என்ன ஆகும்?’ என்ற கேள்வியும், அதற்கு விடை தேடுகையில் தன் விதியைத் தானே மீறாத ஒழுங்கும் இரண்டுக்கும் பொது. இவ்வொழுங்கை அகத்தருக்கம் எனலாம். ‘படத்தில் லாஜிக் இல்லை’ என்று பலரும் குறைப்படும்போது தேடுவது பெரும்பாலும் புறவுலகின் தருக்கத்தை. தேட வேண்டியதோ கதை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட தருக்கத்தை.

இவை மேல்நாட்டுச் சரக்கு என்ற வாதத்தைத் தமிழ் இலக்கிய வரலாறே மறுக்கிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் அரசன், கருவுற்றிருக்கும் தன் மனைவி விசயைக்காக வானில் பறக்கும் மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். அதை ஓட்டவும் அவளுக்குக் கற்பிக்கிறான். பொறியை ஒரு புறம் திருகினால் அது மேலெழும். மறுபுறம் திருகினால் கீழிறங்கும். பகைவன் அரண்மனையைச் சூழ்ந்த நாளில் அதில் ஏறித் தப்பும் அரசி, கணவன் மடிந்ததை உணர்ந்து மயங்கிச் சாய, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது; காப்பிய நாயகன் அங்கேயே பிறக்கிறான். இங்கே புலவர் அற்புதத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடவில்லை என்பது கவனத்துக்குரியது. இயந்திரத்தை எப்படி இயக்குவது, இயக்குபவருக்கு யார் பயிற்சி தந்தார், இயக்கும் கை தளர்ந்தால் என்ன நேரும் என்பனவெல்லாம் கதைக்குள்ளேயே விடை பெறுகின்றன. மணிமேகலையில் வரும் அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்; அதன் வழியாக அக்காப்பியம் எழுப்புவது பசியில்லாத சமூகம் எவ்வாறு இருக்கும் என்ற கேள்வி. சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றும் அளவுக்கு அக்கேள்வி அங்கே நீள்கிறது.

இவற்றைக் காட்டி, பழந்தமிழர் உண்மையிலேயே வானூர்தி ஓட்டினர் என்று முழங்குவோரும் உளர். அம்முழக்கம் இங்கே மறுக்கப்படும் கருத்துக்கு உடன்பிறந்ததே. ஒரு சாரார் கற்பனையைப் பொய் என்று தள்ளுகின்றனர். மற்றவர் அதையே வரலாறு என்று கொள்கின்றனர். கற்பனைக்குக் கற்பனையாகவே ஒரு மதிப்பு உண்டு என்பதை இரு சாராருமே ஏற்பதில்லை. மயிற்பொறி காட்டுவது தமிழர் பறந்ததை அன்று, பறத்தலை ஒழுங்காக எண்ணிப் பார்த்ததை. பெருமைப்பட அதுவே போதும். 

அண்மைக் கால வரலாறும் இதையே சொல்கிறது. ரொக்கையா சகாவத் உசேன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை 1905-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த பெண்கள் இதழொன்றில்தான் முதன்முதலில் அச்சேறியது. பெண்கள் ஆளும் நாடு ஒன்றில் வெயிலின் வெப்பத்தைச் சேமித்துச் சமையலுக்கும் நாட்டுக் காவலுக்கும் பயன்படுத்துவதையும், மேகத்திலிருந்தே நேராக நீரை இறக்கிக்கொள்வதையும் அது விவரிக்கிறது. பாரதியார் ‘ஞானரதம்’ ஏறிப் பல உலகங்களைச் சுற்றி வந்தார். புதுமைப்பித்தன் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளைச் சென்னைத் தெருவில் நடக்கவிட்டு மனிதரை அளந்தார். 1963-இல் வெளியான எம்.ஜி.ஆரின் ‘கலை அரசி’ படத்தில் வேற்றுலகத்தார் இசையறிந்த பெண்ணைத் தேடிப் பூமிக்கு வருகின்றனர். அவளைக் காதலிப்பவனோ ஓர் உழவன். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வார இதழில் தொடராக வந்து வீடுதோறும் படிக்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக இந்த மண்ணில் எழுதப்பட்டும் படிக்கப்பட்டும் வரும் ஒன்றை இறக்குமதி என்பது எவ்வகையில் பொருந்தும்?

அடுத்த வாதம் நுட்பமானது. புனைவு எழுதப்பட்டிருக்கலாம், ஆயினும் கிராமத்து மண்ணின் வாழ்வை, உழவரின் துயரை, ஊரின் பேச்சைச் சொல்ல எதார்த்த எழுத்தே ஏற்றது, விண்கலமும் எந்திரனும் நகரத்தாரின் பொழுதுபோக்கு என்பது அவ்வாதம். இதற்கான மறுப்பு வடுகபட்டியிலேயே இருக்கிறது. அவ்வூரில் வளர்ந்த வைரமுத்து, வைகை அணை நீரில் மூழ்கிய ஊர்களின் கதையைக் ‘கள்ளிக்காட்டு இதிகாச’மாக எழுதி, 2003-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றார். மண்ணின் எழுத்து எனும்போது பலர் முதலில் சுட்டும் நூல்களில் அது ஒன்று. அதே எழுத்தாளர், கடலறிவியலைக் காதல் கதையோடு பின்னித் ‘தண்ணீர் தேசம்’ படைத்தார். புவி வெப்பமாதல் ஓர் உழவர் ஊருக்குள் எவ்வாறு நுழையும் என்று ‘மூன்றாம் உலகப் போர்’ நாவலில் எண்ணிப் பார்த்தார். 2010-இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் இயந்திர மனிதனுக்குப் பாட்டும் எழுதினார். கள்ளிக்காட்டையும் எந்திரனையும் எழுதியது ஒரே கை. கிராமம் வேறு, அறிவியல் கற்பனை வேறு என்று கோடு கிழிப்பவர்கள் அந்தக் கோட்டை இந்தக் கையின் எந்த விரல்களுக்கு இடையே கிழிப்பர்?

இது ஒரு தனிமனிதரின் திறமை சார்ந்த செய்தி மட்டும் அன்று. தேனி மாவட்டத்தின் நிலமே, நடக்காது என்று தள்ளப்பட்ட கற்பனை ஒன்று நடந்தேறியதால் இன்றைய வடிவம் பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கம் இது. அதாவது, தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துக்கொள்வதால் மழை குறையும் கிழக்குச் சரிவு. மலைக்கு அப்பால் பெரியாறு மேற்கே பாய்ந்து கடலில் கலக்க, இப்பால் வைகை வறண்டு கிடந்தது. அந்த ஆற்றையே கிழக்கே திருப்பினால் என்ன ஆகும் என்ற கேள்வியை 1789-இலேயே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை எழுப்பி, மலைக்கு ஆளனுப்பிப் பார்க்கச் செய்தார். பொருளில்லாமல் அம்முயற்சி நின்றது. 1808-இல் அதை ஆராய்ந்த ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், இது வெறுங்கற்பனை, மேற்கொண்டு கருதத் தகாதது என்ற பொருள்பட அறிக்கை எழுதிவிட்டார். ஒரு கதையைத் தள்ள இன்றைய வாசகர் எந்தச் சொல்லை எடுக்கிறாரோ அதே சொல்லால்தான் அன்று ஓர் ஆறும் தள்ளப்பட்டது.

அந்தக் ‘கற்பனை’ 1895 அக்டோபரில் நீராக வந்தது. பொறியாளர் பென்னிகுக் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுந்த அணை பெரியாற்றைத் தேக்கியது. மலையைக் குடைந்த சுரங்கம் அந்நீரைக் கிழக்கே கடத்தியது. கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் சென்று நிமிர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு, மலைமுகட்டிலிருந்து சரிவை ஒட்டி இறங்கும் பெருங்குழாய்கள் தெரியும். மறுபக்கத்து மழை அவற்றின் வழியே இறங்கி, மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களுக்குப் போகிறது. மழையே அதிகம் காணாத ஊரில் வரப்பு நனைய நாற்று நடும் பெண்ணின் கணுக்காலைத் தொடும் நீர் வேறொரு கடலுக்குப் போயிருக்க வேண்டிய நீர். இதைவிடத் துணிந்த அறிவியல் புனைவு வேறு எது? ஆற்றின் திசையையே மாற்றி எழுதிய நிலத்துக்கு, மாற்றத்தை எண்ணிப் பார்க்கும் கதை ஒட்டாது என்பது நிலத்தின் வரலாற்றை அறியாதார் கூற்று.

அதே நிலம் மாற்றத்தின் விலையையும் அறியும். வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டபோது மூழ்கியவையும் ஊர்களே. நல்ல அறிவியல் புனைவு செய்வதும் இதுதான். வரப்போகும் மாற்றத்தின் நன்மையைச் சொல்வதோடு, அதற்கு விலை தரப்போவது யார் என்றும் அது கேட்கிறது. ஆகவே எதார்த்த எழுத்துக்கும் புனைவுக்கும் பகையில்லை. கள்ளிக்காட்டின் கதை நேர்ந்துவிட்ட இழப்பைச் சொல்கிறது; புனைவு நேரவிருக்கும் இழப்பை முன்கூட்டிச் சொல்கிறது. அழுகைக்கு முன்பே கேட்கப்படும் கேள்விக்குத் தனிப் பயன் உண்டு.

இவ்வகைப் படங்களிலும் நூல்களிலும் பதர் மிகுதி என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. விஞ்ஞானியின் கூடத்தில் வண்ண விளக்குகளை எரியவிட்டு, அதன் பிறகு வழக்கமான பழிவாங்கும் கதையையே ஓட்டிவிடும் படங்கள் பல வந்திருக்கின்றன. தன் விதியைத் தானே மீறும் கதை கண்டிக்கத் தக்கதே. ஆனால் கண்டிக்கும் முறையை வடுகபட்டிப் பூண்டுச் சந்தையிலிருந்து கற்கலாம். கொடைக்கானல் மலையிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் பூண்டைச் சாக்கைப் பார்த்து எந்த வியாபாரியும் விலை பேசுவதில்லை. சாக்கைப் பிரித்து, கையில் ஒன்றை எடுத்து, தோலின் இறுக்கத்தையும் பல்லின் திரட்சியையும் அமுக்கிப் பார்த்து, முகர்ந்து, மலைப்பூண்டா பிறபூண்டா என்று பிரித்த பின்னரே விலை வாய்க்கு வரும். ஒரு சாக்கில் சொத்தை இருந்ததற்காகச் சந்தையையே யாரும் பழிப்பதில்லை. பூண்டுக்குக் காட்டும் இந்த நேர்மையைக் கதைக்கும் காட்ட வேண்டும்.

பிரித்துப் பார்த்தால் நல்ல சரக்கும் கிடைக்கும். 2015-இல் வந்த ‘இன்று நேற்று நாளை’ காலப்பயணத்துக்கான விதிகளைத் தெளிவாக வகுத்து, நேற்றைத் தொட்டால் இன்று எவ்வாறு குலையும் என்பதை எளிய நகைச்சுவையில் கடைசி வரை பிசகாமல் காட்டியது. 2021-இல் வந்த ‘மாநாடு’ ஒரே நாள் மீண்டும் மீண்டும் விடியும் உத்தியை, ஒரு கொலையின் பழியை இஸ்லாமிய இளைஞன் மேல் சுமத்தி மதக்கலவரம் மூட்டும் அரசியலைத் தோலுரிக்கப் பயன்படுத்தியது. மக்கள் இரண்டையும் வரவேற்றனர். கால வளையமும் காலப்பயணமும் கிராமத்துக் கொட்டகையில் புரியாது என்று கருதுவோர், விக்கிரமாதித்தன் கதையைக் கேட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கதைகளைச் சிக்கின்றிப் பின்தொடர்ந்த பாட்டிமாரின் அறிவைக் குறைத்து மதிப்பவர்கள்.

இவ்வகைக் கதைகளைப் பழகாத சமூகம் எவ்வாறு தடுமாறும் என்பதற்கும் தேனியே சான்று. போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம் அருகே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 சனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நியூட்ரினோ என்பது மின்னூட்டம் இல்லாத, எதனோடும் மிக அரிதாகவே வினைபுரியும் நுண்துகள். கோடானு கோடி நியூட்ரினோக்கள் ஒவ்வொரு நொடியும் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன. வளிமண்டலத்தில் உருவாகும் அத்துகள்களை, மலைக்கு அடியில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை வைத்துப் பதிவு செய்வதே திட்டம். மலையைக் குடைவதால் வனத்துக்கும் நீருக்கும் என்ன நேரும் என்பது நேர்மையான கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலைக் காரணம் காட்டி, 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்துக்கு மறுப்பும் தெரிவித்தது. ஆனால் அந்த நேர்மையான கேள்வியோடு, நியூட்ரினோ துகளே ஊரை அழித்துவிடும் என்ற அச்சமும் கலந்துவிட்டது. 2009-இல் வந்த ‘2012’ என்ற ஹாலிவுட் படம், நியூட்ரினோக்கள் பூமியின் நடுவைக் கொதிக்கவைப்பதாகக் காட்டி, அக்காட்சியை இந்தியச் சுரங்கம் ஒன்றிலேயே தொடங்குகிறது. புனைவைப் படிக்கப் பழகியவர், கதைக்காக மாற்றப்பட்ட விதி எது, உண்மை விதி எது என்று உடனே பிரித்தறிவார். பிரித்த பின், குடையப்படும் பாறையைப் பற்றியும் ஊற்றைப் பற்றியும் இன்னும் கூர்மையாகக் கேட்பார். பழகாதவரிடம் இரண்டும் ஒன்றாகி, உண்மையான கேள்வியின் வலு குறைகிறது. காதில் பூச்சுற்றப்படுவோர் புனைவு படிப்பவர் அல்லர் என்பது இதனால் விளங்கும்.

ஆகவே பள்ளி நூலகங்களில் இவ்வகை நூல்களைச் சிறுவர் அலமாரியோடு நிறுத்தாமல் பெரியோர் அலமாரியிலும் வைக்க வேண்டும். திறனாய்வாளர்கள் ஒரு படத்தில் ‘நேட்டிவிட்டி’ உண்டா என்று தேடுமுன் அதன் கேள்வி நேர்மையானதா, விதி பிசகாததா என்று பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் சனவரி 15 அன்று பாலார்பட்டியில் பென்னிகுக் படத்துக்கு முன் பொங்கல் வைக்கப்படுகிறது. அணையைக் கட்டியவருக்கு உழவர் செய்யும் நன்றி அது. அப்பானையில் பொங்கும் அரிசி, கருதத் தகாத கற்பனை என்று எழுதப்பட்டு எண்பத்தேழு ஆண்டு காத்திருந்த நீரில் விளைந்தது. அதை உண்டு வளர்ந்த மண்ணில், ‘இப்படி ஆனால் என்ன ஆகும்?’ என்று கேட்கும் கதைக்கு இலையின் நடுவிலேயே இடம் உண்டு.