பஸ் காசு போதும்

கண்டியில் மாணவிகள் பொழுதைக் கழிக்க எங்கே போகலாம் என்று கேட்டால், பலரும் ஷொப்பிங் மோலைத்தான் காட்டுவார்கள். அங்கே இரண்டு மணித்தியாலம் இருந்தாலே கையிலுள்ள காசு கரைந்துவிடும்.

ஆனால், 1807 இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் அமைத்த வாவியைச் சுற்றி நடக்க ஒரு சதமும் வேண்டாம். டி. எஸ். சேனாநாயக்க பொது நூலகம் நகருக்குள்ளேயே இருக்கிறது. 1821 இல் தொடங்கிய பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு பஸ்ஸில் போய்விடலாம். உள்நாட்டவருக்கு நுழைவுச்சீட்டும் குறைவு. உயிரியல் மாணவிகள் பாடமாக்கும் தாவரங்களில் எத்தனையோ அங்கே நேரிலேயே நிற்கின்றன.

ஆகவே எங்களுக்குக் குறைவது காசல்ல, நேரமும் அனுமதியும்தான். சனி, ஞாயிறு இரண்டையும் டியூஷன் எடுத்துக்கொள்கிறது. மிச்ச நேரத்தை, "பொம்பிளப் பிள்ளைகள் தனியாகப் போவதா?" என்ற கேள்வி எடுத்துக்கொள்கிறது.

அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால் உம்மா, வாப்பாமாரிடம் ஒரு வேண்டுகோள்: மாதத்தில் ஒரு ஞாயிறு, சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு நீங்களும் எங்களோடு வாருங்கள். உயர்தரம் முடிந்ததும் நாங்கள் திசைக்கொருவராகப் பிரிந்துவிடுவோம். சொந்த ஊரை டியூஷன் வேனின் ஜன்னலால் மட்டும் பார்த்தவர்களாகப் போகக் கூடாது.