சாவிக்கொத்தும் ஒற்றைச் சாவியும்



அடுத்த வாரம் எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. பத்து நாளைக்குச் செல்போனைத் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. தினமும் காலையில் போடும் 'இன்று ஒரு சொல்' நின்றுவிடுமே என்று புலம்பினேன். தங்கை மகன், "கவலையை விடுங்க மாமா. பைத்தான்ல சின்னதா ஒரு நிரல் எழுதுறேன், அதுவே ஆறு மணிக்குப் போட்டுடும். உங்க ஃபேஸ்புக் பாஸ்வேர்டை மட்டும் குடுங்க" என்றான்.

தரமாட்டேன் என்றேன். "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவன் முகம் சுருங்கிவிட்டது. தங்கை இரண்டு நாள் பேசவில்லை.

நம்பிக்கை இல்லாமல் இல்லை. எங்கள் பள்ளியில் சத்துணவு அமைப்பாளரிடம் ஸ்டோர் ரூம் சாவி மட்டும் இருக்கும். பீரோ சாவி என்னிடம். அந்த அம்மா ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. பாஸ்வேர்டு என்பது மொத்தச் சாவிக்கொத்து. அதை வைத்திருப்பவர் என் பெயரில் பதிவிடலாம், உங்கள் கடிதங்களைப் படிக்கலாம், பாஸ்வேர்டையே மாற்றி என்னை வெளியில் நிறுத்தலாம். ஒரு சொல்லைப் பதிவிட இத்தனை எதற்கு?

இது என் பிடிவாதம் மட்டுமல்ல. வெளி நிரல்கள் பாஸ்வேர்டைக் காட்டி நுழைவதை ட்விட்டர் 2010 ஆகஸ்டிலேயே நிறுத்தி, 'டோக்கன்' முறைக்கு மாறிவிட்டது. தனிநபர் கணக்கில் நிரல்கள் பதிவிடும் அனுமதியை ஃபேஸ்புக்கும் 2018இல் எடுத்துவிட்டது.

பழைய மாணவர் ஒருவர் (ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லாமல் ஒளிந்தவர்!) வழி சொன்னார். டெலிகிராமில் 'பாட்ஃபாதர்' என்ற கணக்கிடம் கேட்டால் ஒரு பாட் உருவாக்கி, எண்ணும் எழுத்துமாக நீளமான டோக்கன் தருகிறது. அந்த பாட்டை என் சேனலில் சேர்த்து, பதிவிடும் அனுமதியை மட்டும் கொடுத்தோம். நிரல் டோக்கனைக் காட்டும், பதிவிடும், அவ்வளவுதான். என் பாஸ்வேர்டு அதற்குத் தெரியாது. மருமகன்தான் அரைமணி நேரத்தில் எழுதி முடித்தான், கெட்டிக்காரன்.

ஆனால் பெருமையில் அந்த நிரலை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். உள்ளே டோக்கன்! அறுபது பேர் கையில் என் சேனலின் சாவி. பாட்ஃபாதரிடம் 'ரிவோக்' சொன்னதும் பழையது செத்து, புதியது வந்தது. பாஸ்வேர்டாக இருந்திருந்தால்? இப்போது டோக்கன் தனிக் கோப்பில் இருக்கிறது, நிரலுக்குள் இல்லை.

நான் இவ்வளவு பயப்படுவதற்குக் காரணம் நீங்கள்தான். "அவசரம், ஐயாயிரம் அனுப்பு" என்று என் பெயரில் வந்தால், உங்களில் பாதிப்பேர் யோசிக்காமல் அனுப்புவீர்கள். எனக்குத் தெரியும்.

பத்து நாளுக்கான சொற்களை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவை டெலிகிராம் சேனலில் வரும். பின்னூட்டங்களுக்குக் கட்டு அவிழ்த்த பிறகு நானே பதில் எழுதுகிறேன். இடையில் பணம் கேட்டு எதுவும் வந்தால் அது நானில்லை. வீட்டுக்குப் போன் போடுங்கள், அத்தை எடுப்பாள்.