தண்டனையும் பரிதாபமும்



விடுமுறை நாட்களில் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையை நாடி வரும் இளைஞருள் சிலர், கடலூர் சாலையைத் தமது பிரதாபத்தைக் காட்டும் அரங்கமாகவே பாவித்து, முன்சக்கரத்தை ஆகாயத்தில் தூக்கியவண்ணம் எங்கள் ஊரைக் கடக்கையில், கைதட்டுவோர் உண்டேயன்றிக் கண்டிப்போர் இல்லை.

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே இதே வித்தையில் விழுந்து கையொடிந்த யூடியூபர் டி.டி.எஃப். வாசனின் ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானபோது, எதிரே வந்தவர் எவரேனும் மாண்டிருந்தால் என்னாவது என்று கேட்டவர்களைவிட, பையனின் எதிர்காலம் பாழாயிற்றே என்று பரிந்து பேசியோரே அதிகம் என்று எனக்குத் தோன்றியது. அவரோ 2024 மே மாதத்தில், கைபேசியில் பேசியபடி கார் ஓட்டிய வழக்கில் மதுரையில் மறுபடியும் கைதானார்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றமிழைத்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், பிள்ளைக்கு 25 வயது வரை உரிம மறுப்பும் உண்டென்று 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் விதித்திருந்தும், மகன் கையில் சாவியைக் கொடுத்துப் பூரிக்கும் தந்தையரை (தாய்மாமன்மாரையுந்தான்!) நாள்தோறும் காண்கிறோம்.

உரிமம் இழந்தோர் மீண்டும் வண்டியோட்டாதபடி கடலூர் சாலையில் இடைவிடாத சோதனை நடத்துமாறு புதுச்சேரிப் போக்குவரத்துத் துறையினரை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
நோணாங்குப்பம்.