கடல் கடந்தவரின் தனிமை

மஞ்சளுக்குப் பேர்போன நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்து நம் துறையில் பயின்ற மாணவர் ஒருவர், சவூதி அரேபியாவில் பண்டகசாலையொன்றில் பணிபுரிகிறார். சென்ற நோன்புப் பெருநாளன்று தொலைபேசியில் அழைத்தார். தொழுகை முடித்து அறைக்குத் திரும்பியவர், புத்தாடையைக்கூடக் களையாமல் மாலைவரை உறங்கிவிட்டாராம். அறையில் அறுவர், அவர்களுக்குள் நான்கு மொழிகள். "ஊர்ல இப்ப மஞ்சள் வேகவைக்கிற நேரமுங்க ஐயா. அந்த வாசனை நெனப்பு வருது" என்றார். சற்று நேரம் கழித்து, "இதையெல்லாம் அம்மாகிட்டச் சொல்ல முடியாதுங்க" என்றார்.

நாம் பொறுமையின் மாண்பை எடுத்துரைத்தோம். தொலைபேசியை வைத்தபின் அம்மறுமொழி நமக்கே நிறைவளிக்கவில்லை. அயலகம் சென்ற பிள்ளை மனம் கசிந்து பேசும்போதெல்லாம் 'ஸப்ர்' என்னும் உயர்ந்த சொல்லைக் கொண்டு அவன் வாயை அடைத்துவிடுகிறோமோ என்னும் ஐயம் எழுந்தது.

ஹிஜ்ரத் வரலாற்றை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். கி.பி. 622இல் மக்காவைத் துறந்து மதீனா சேர்ந்த காலத்தில் அபூபக்ர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் கடுங்காய்ச்சலுற்றனர். காய்ச்சல் தணியும் பொழுதெல்லாம் பிலால் குரலெடுத்துப் பாடினார்கள் என்று நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. எதனைப் பாடினார்கள்? மக்காப் பள்ளத்தாக்கின் புல்லையும், சுனையையும், தூரத்து மலைகளையும்! சுடுமணலில் கிடத்தி, மார்பில் பாறையேற்றி அவர்களை வதைத்த ஊர் அது. ஊர் நினைவு என்பது ஊர் நமக்குச் செய்த நன்மை தீமைகளைக் கணக்கிட்டு வருவதன்று போலும். இதனைக் கேள்வியுற்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. ஈமானில் குறை காணவில்லை. மக்காவுக்கு நிகராக, அதனினும் மேலாக மதீனாவின்மீது தம்மவர்க்கு நேசம் பிறக்க வேண்டுமென இறைவனிடம் இறைஞ்சினார்கள்.

இறைஞ்சியதோடு நின்றார்களா எனின், இல்லை. முஹாஜிர் ஒருவரை அன்சாரி ஒருவரோடு பெயர் குறித்துச் சகோதரராகப் பிணைத்தார்கள். பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்குச் சகோதரர் ஆனார்கள். ஒருநாள் அவ்வீட்டுக்குச் சென்ற ஸல்மான், தோழரின் மனைவியார் பொலிவிழந்திருப்பதைக் கண்டு காரணம் வினவினார்கள். கணவர் பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் தொழுகையிலும் மூழ்கியிருந்தார்கள். உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டென ஸல்மான் இடித்துரைத்தார்கள். நபிகளாரும் ஸல்மான் சொன்னதே சரி என்றார்கள். அயல்நாட்டவர், பிறமொழியாளர், ஆயினும் ஒரு வீட்டில் குறை கண்டு சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. தனிமைக்கு மருந்து அவ்வுரிமையே என்பது நம் துணிபு. விருந்தாளிக்குச் சோறு கிடைக்கும்; உரிமை கிடைக்காது.

தமிழ் மரபும் இத்துயரை அறியாததன்று. பொருள்வயிற் பிரிந்த தலைவனுக்குக் கார்ப்பருவம் தவணை. இன்று வேலை ஒப்பந்தம் தவணை. கடல்வழிச் செலவு மகளிரோடு இல்லை என்பது தொல்காப்பியம் காட்டும் வழக்கு. குறைந்த ஊதியத்துக்கு வளைகுடா செல்வோர்க்கு விசா விதிகள் அதனையே இன்றும் வழக்காக்கியுள்ளன. ஆனால் கடையநல்லூர் முஸ்லிம்கள் குடும்பத்தோடு சிங்கப்பூர் சென்று, தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினர். பெண்கள் மசாலா அரைத்து விற்றனர். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைந்தது. 1946இல் அவ்வமைப்பு உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரில் அயல்மண்ணில் ஒரு பள்ளி! பள்ளி பின்னாளில் மூடப்பட்டதாயினும், உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையமாக அப்பெயர் அங்கு வாழ்கிறது.

நம் பக்கத்து நிலை என்ன? சேலம், நாமக்கல் சமவெளியில் நம்மவர் ஊருக்குச் சில வீட்டினராய்ச் சிதறி வாழ்கின்றனர். கீழக்கரை, காயல்பட்டினத்துப் பிள்ளையைப் போல, "அங்கே எங்கள் மாமா இருக்கிறார்" என்று சொல்லும் வாய்ப்பு இங்குள்ள பிள்ளைக்கு அரிது. ஊறுகாயும் பொடியும் கட்டிக்கொடுக்கிறோம். போய்ச் சேரும் ஊரில் ஓர் ஆளின் பெயரைக் கொடுத்தனுப்புவதில்லை. ஜமாஅத்தில் நிக்காஹ் பதிவேடு உண்டு, சந்தாப் பதிவேடு உண்டு. வெளிநாடு சென்றோர் எந்நகரில், எப்பணியில் உள்ளனர் என்பதற்குப் பதிவேடு உண்டா? நம் துறையிலும் இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புகிறோம். இவ்வாண்டே அதனைத் தொடங்குதல் வேண்டும். பெரியோர் தத்தம் மஹல்லாவில் இதனை எடுத்துச் செய்தல் வேண்டும்.

வீட்டார்க்கும் ஒரு சொல் உண்டு. முன்பு ஒலிநாடாவில் குரலைப் பதிந்து, ஊருக்குப் போவோர் கையில் கொடுத்தனுப்பினர். அது வந்து சேரும்வரை காத்திருந்தனர். இன்று நாள்தோறும் முகம் பார்த்தே பேசுகிறோம். பேச்சோ, பணம் வந்ததா, கொத்தனார் வந்தாரா என்பதற்குள் அடங்கிவிடுகிறது. பாட்டியின் நோயை அவனிடம் நாம் மறைக்கிறோம். தன் காய்ச்சலை நம்மிடம் அவன் மறைக்கிறான். பிலால் (ரலி) அவர்கள் காய்ச்சலில் பாடியதைக் கேட்க அருகில் ஆட்கள் இருந்தனர்.

பெருநாள் கழிந்த வாரத்தில் பழைய மாணவர் பலரிடம் விசாரித்தோம். அதே நகரில், பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில், நம் துறையில் முன்பு பயின்ற ராசிபுரத்து மாணவர் ஒருவர் இருப்பது தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் அறியார். எண்ணைக் கொடுத்தோம். மூன்றாம் வெள்ளியன்று இருவரும் சேர்ந்தே அழைத்தனர். விடுமுறை நாளில் பகலெல்லாம் படுத்துக் கிடப்பதற்காக மூத்தவர் இளையவரை நம் காதுபடவே கடிந்துகொண்டார். பிறகு இருவரும் மஞ்சள் விலை என்னவென்று கேட்டனர்.