கூட்டுவாழ்வு ஊர்கள்: பெற்றோர் அமைப்பின் நிலைப்பாடு

அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களின் பெற்றோர் பெரம்பலூரில் கூடினாலும் அரியலூரில் கூடினாலும், பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யாரு பாத்துக்குவா?" சின்ன வயதில் சிறப்புப் பள்ளி உண்டு. வளர்ந்த பிறகு பெரும்பாலோருக்கு வீட்டுத் திண்ணைதான். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் 'ஹோம்' தேடி அலைகிறார்கள்.

கிராமத்தில் நிலம் வாங்கி, மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து உழைத்து வாழும் ஊர்களை அமைப்பது இதற்கு ஒரு வழி. பெற்றோர் அமைப்பு இதை ஆதரிக்கிறது. ஆனால் நிபந்தனைகளோடு.

முன்மாதிரி தூரத்தில் இல்லை. விழுப்புரம் மாவட்டம் குணமங்கலத்தில் கார்த்திகேயன் 2013இல் தொடங்கிய சிருஷ்டி அமைப்பின் கிராமத்தில், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் இயற்கை விவசாயமும் மாடு வளர்ப்பும் செய்து வாழ்கிறார்கள். இந்த யோசனையின் வேர் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. ஹிட்லரிடமிருந்து தப்பி வியன்னாவை விட்டு வெளியேறிய குழந்தை மருத்துவர் கார்ல் கோனிக், 1940இல் அபர்தீன் அருகே கேம்ப்ஹில் கூட்டுவாழ்வு இயக்கத்தைத் தொடங்கினார். பெரியவர்களுக்கான கேம்ப்ஹில் கிராமம் 1955இல் இங்கிலாந்தின் பாட்டனில் வந்தது. பால், ரொட்டி, காய்கறி எல்லாம் அங்கேயே கிடைத்தன. உதவியாளர்களும் சம்பளம் வாங்காமல் அதே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். அவர்கள் இனிச் சம்பளப் பணியாளர்களாக வேண்டும் என்று நிர்வாகம் எடுத்த முடிவு 2010களில் நீதிமன்றம்வரை போனது. அன்பு மட்டும் இருந்தால் நிர்வாகம் நடந்துவிடாது போலும்.

இன்னொரு பாடம் கசப்பானது. ழான் வனியே 1964இல் பிரான்சில் தொடங்கிய லார்ஷ் கூட்டுவாழ்வு இயக்கம், 1970இல் பெங்களூருவில் ஆஷா நிகேதனாக இந்தியாவுக்கு வந்தது; பிறகு சென்னைக்கும் வந்தது. உலகமே மகானாகக் கொண்டாடிய வனியே பெண்கள் சிலரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டினார் என்பதை, அவர் இறந்த மறு ஆண்டு, 2020இல், அந்த இயக்கமே விசாரித்து வெளியிட்டது. ஏர்வாடியையும் நாம் மறந்துவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநோய்க்கென்று கொண்டுவந்து விடப்பட்டவர்களில் 28 பேர் அங்கே தீயில் சங்கிலியோடு கருகி இறந்தார்கள். அந்த இடம் வேறு, அங்கிருந்தவர்களின் நிலை வேறு. ஆனால் யாரும் வந்து கேட்காத இடத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே முதல் நிபந்தனை இடம் பற்றியது. செந்துறைப் பக்கம் முந்திரிக் காட்டுக்குள் மலிவாக நிலம் கிடைக்கிறது என்பதற்காக அங்கே போய் ஒதுங்கக் கூடாது. பேருந்து நிற்க வேண்டும். ரேஷன் கடை, டீக்கடை, கோயில் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். அங்கே வாழ்பவர் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, கூலி. வேலைக்கு இங்கே பஞ்சமில்லை. பெரம்பலூர் சின்ன வெங்காயத்தைத் தாள் அறுத்து, தரம் பிரித்து, பட்டறையில் சேர்ப்பது பலர் கூடிச் செய்யும் வேலை. அதில் இவர்களும் உட்காரலாம். ஆனால் 'பயிற்சி' என்ற பெயரில் கூலியை மறுப்பதை அமைப்பு ஏற்காது. பணம் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, சம்மதம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வதை உரிமை என்கிறது. குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. பெற்றோர் முடிவெடுத்துக் கொண்டுபோய் விட்டால் போதாது. இது பெற்றோரே கேட்க விரும்பாத செய்தி. இருந்தாலும் சொல்லியாக வேண்டும். பேச்சு வராதவர் என்றால் சில வாரம் தங்கவைத்து, அவர் உண்பதையும் உறங்குவதையும் முகத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். சொந்த ஊரிலேயே இருக்க விரும்புபவருக்கு அங்கேயே உதவியாளர் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும்.

கடைசியாக, கண்காணிப்பு. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுதான் இவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆட்சியர்கள் இக்குழுவினரை முன்னறிவிப்பின்றி இத்தகைய ஊர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று அமைப்பு கோருகிறது. நிலம் தர முன்வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அறக்கட்டளைப் பத்திரத்தில் பெற்றோருக்கும் அங்கே வாழ்பவர்களுக்கும் அறங்காவலர் இடம் எழுதப்படாத எந்தத் திட்டத்துக்கும் அமைப்பு ஆதரவுக் கடிதம் தராது.